எடைக்குப் போன கையெழுத்துப் பிரதி: வடசென்னை எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கைப் படம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்து 1983-இல் மறைந்த ஓர் எழுத்தாளரைப் பற்றிய படம் இது. பகலில் தங்கசாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர் (ஈய எழுத்துகளைக் கோத்து வரியாக்குபவர்) வேலை, இரவில் எழுத்து. இரண்டு நாவல்களும் நாற்பதுக்குச் சற்றுக் கூடுதலாகச் சிறுகதைகளும் அச்சேறின. புத்தகக் கடையில் இன்று அவர் பெயரைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர் குடியிருந்த சந்தில் அறுபதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஒரே கதையைச் சொல்வார்கள்: பசி தாங்காமல் நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தானே பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டு அரிசி வாங்கினார்.

படக்குழுவில் ஏழு பேர். கையில் 22 லட்சம் ரூபாய். 12 நாள் படப்பிடிப்பு, 95 நிமிடப் படம் என்பது திட்டம். முதல் திரைக்கதை அந்த எடைக் காட்சியை உச்சமாக வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏணிப்படியாக அடுக்கி எழுதப்பட்டது. எழுத்தாளர்களைப் பற்றிப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு வறுமை சட்டென்று கைக்கு எட்டுகிற பண்டம். அவர் என்ன வேலை செய்தார், எழுதும்போது அவர் கை எப்படி இருந்தது என்பதெல்லாம் மெனக்கெட்டால்தான் கிடைக்கும். இந்தக் குழுவும் முதலில் எட்டியதைத்தான் எடுத்தது.

கால அட்டவணையில் சிக்கியவை

உதவி இயக்குநர் ஒருவர் காட்சி வாரியாக ஆண்டு குறித்து ஓர் அட்டவணை போட்டார். இரண்டு நாள் வேலை. கதையின் மையம் 1964. அந்த ஆண்டில் நாயகன் கள்ளுக்கடையில் உட்கார்ந்து புலம்புகிற ஒரு நீளமான காட்சி இருந்தது. மாகாணம் முழுக்க மதுவிலக்கு 1948-இல் வந்தது, 1971-இல்தான் தளர்ந்தது. கள்ளச் சரக்கு கிடைத்திருக்கும். பலகை மாட்டிய கடை இருந்திருக்காது. காட்சி போயிற்று. ஓர் அலுவலகப் பலகையில் ‘தமிழ்நாடு அரசு’ என்று இருந்தது. மாநிலத்தின் பெயர் மாறியது 1969 ஜனவரியில். கடித உறையில் 600021 என்று எழுதியிருந்தார்கள். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில், அதற்கு முன்னால் ‘சென்னை-21’தான். டிராம் மணியோசை ஒன்று ஒலித் திட்டத்தில் இருந்தது. டிராம் 1953-லேயே நின்றுவிட்டது.

காசு விஷயத்தில் மட்டும் குழு பிழைத்தது. ‘நயா பைசா’ என்று வசனத்தில் இருந்ததைத் தவறு என்று ஒருவர் அடித்துவிட்டார். நயா என்ற ஒட்டு 1964 ஜூனில்தான் அதிகாரபூர்வமாக விழுந்தது. காட்சி நடப்பது அந்த வருடம் ஜனவரியில் என்பதால் அடித்ததைத் திரும்பச் சேர்த்தார்கள்.

டிரங்குப் பெட்டி

எழுத்தாளரின் மகளுக்கு இப்போது எழுபது வயது, தண்டையார்பேட்டையில் இருக்கிறார். அவரிடம் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருந்தது. அதில் 23 மணியார்டர் கூப்பன்கள், பத்திரிகை ஆசிரியர்கள் எழுதிய ஆறு கடிதங்கள், இரண்டு கரட்டு (ரஃப்) நோட்டுகள், அச்சகக் கூலிச் சீட்டுகள் சில, ஸ்டூடியோவில் எடுத்த ஒரு புகைப்படம்.

பணம் பெற்றவர் கையில் நின்றது மணியார்டரின் கூப்பன் துண்டுதான். அனுப்பியவர் இரண்டு வரி எழுத அதில் இடம் இருந்தது. ‘கதை கிடைத்தது, அடுத்த இதழில், ரூ. 10’ என்பதுபோல. இந்த 23 துண்டுகளையும் கூலிச் சீட்டுகளையும் தேதி வரிசையில் மேசைமேல் பரப்பியபோது ஒன்று தெளிவாயிற்று. 1963, 1964 இரண்டு வருடமும் அவருக்கு வேலை இருந்தது, கூலி தவறாமல் வந்தது, கதைக்கும் சில்லறையாகப் பணம் வந்தது. வசதியான வீடு இல்லை. ஆனால் அரிசிக்காக நாவலை விற்கிற நிலைமையும் இல்லை.

மூன்றாவது சந்திப்பில் மகள் தானாகவே சொன்னார். 1964 போகிக்கு முந்தின நாள், கட்டிலுக்கடியில் கிடந்த பழைய தாள்களை எடுத்துப் பேப்பர்காரரிடம் போடச் சொல்லி அம்மா சொன்னார். ஒன்பது வயதுப் பெண் கட்டோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள். “ஒரு வீசைக்கு மேலயே இருந்துச்சு. தட்டு தரையத் தொட்டுச்சு.” அப்பா திட்டவில்லை, மூன்று நாள் சாயங்காலம் பேப்பர் கடை கடையாகப் போய்வந்தார். பிரதி கிடைக்கவில்லை. அந்த நாவலை நான்கு வருடம் எடுத்துத் திரும்ப எழுதினார். கரட்டு நோட்டு இரண்டும் அந்தத் திரும்ப எழுதலின் மிச்சம். யார் போட்டது என்று தம்பிமார் இருவருக்கும் தெரியாது, படத்திலும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அறுபது வருட நினைவை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று இயக்குநருக்குச் சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கரட்டு நோட்டின் முதல் பக்கத்தில், தொலைந்துபோனது புல்ஸ்கேப் தாளில் 312 பக்கம், தாளின் ஒரு புறம் மட்டும் எழுதியது என்று குறிப்பு இருந்தது. எட்டரைக்குப் பதின்மூன்றரை அங்குலத் தாள், 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 60 கிராம்) என்றால் ஒரு தாள் ஏறக்குறைய நாலரை கிராம். 312 தாள் 1.4 கிலோ. பழைய எடை அளவான ஒரு வீசையும் ஏறக்குறைய 1.4 கிலோதான். கட்டின நூலும் அட்டையும் சேர்ந்தால் ‘ஒரு வீசைக்கு மேல’ சரியாக வருகிறது.

இதனால் இன்னொன்றும் தெரிந்தது. மெட்ரிக் எடை 1962-லேயே கட்டாயமாகிவிட்டதால் தராசில் கிடக்க வேண்டியது கிலோ படிக்கல். பேச்சில் மட்டும் வீசை. இரண்டும் ஒரே காட்சியில் வரலாம், வர வேண்டும்.

ஒப்புதல் பத்திரமும் கசிந்த தாளும்

குழு முதலில் செய்தது ஒரு முத்திரைத்தாளில் ‘தந்தையாரின் வாழ்க்கையையும் எழுத்தையும் படமாக்க முழுச் சம்மதம்’ என்று மகளிடம் கையெழுத்து வாங்கியது. ஒரு வழக்கறிஞர் அதைப் பார்த்துவிட்டு இது போதாது என்றார். காரணங்கள் இவை.

1983-இல் இறந்தவரின் எழுத்துக்கு 2043 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. அரசு நாட்டுடைமை ஆக்கி, யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. இவருடையது ஆகவில்லை. உரிமை மூன்று பிள்ளைகளுக்கும் கூட்டாக வந்தது, ஆகவே ஒருவர் கையெழுத்து பயன்படாது. பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாத உரிமை மாற்றம் ஐந்து வருடத்தில் முடியும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, காலாவதியாகும். வெளிநாட்டு விழாவுக்கோ ஓடிடிக்கோ அனுப்ப நினைக்கும் படத்துக்கு அந்த ஒற்றை வரிப் பத்திரம் வெறும் தாள். ஆசிரியர்கள் எழுதிய ஆறு கடிதங்களில் இன்னொரு முடிச்சு. கடிதம் மகளுக்குச் சொந்தம், அதிலுள்ள வாசகத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கு. இரண்டு கடிதத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. மற்ற நான்கையும் வசனத்தில் எடுத்தாளவில்லை.

அந்தரங்கம் தனி விஷயம். அரசு ஆவணத்தில் பதிவானவை தவிர ஒருவரின் சொந்த வாழ்க்கையை, உண்மையாகவே இருந்தாலும், அவர் சம்மதமில்லாமல் வெளியிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் ராஜகோபால் வழக்கில் சொன்னது. ஆட்டோ சங்கர் தன்வரலாறு தொடர்பான வழக்கு அது. இறந்தவரின் அந்தரங்க உரிமை வாரிசுக்குச் சொத்துபோல இறங்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல், ஒரு முன்னாள் முதல்வரின் வாழ்க்கைப் படம் பற்றிய வழக்கில் சொல்லியிருக்கிறது. தகப்பனைப் பற்றிக் குழுவுக்கு ஓரளவு கை வீச இடம் இருந்தது. ஒன்பது வயதுப் பெண்ணாகத் திரைக்கதையில் வருகிறவர் எழுபது வயதில் உயிரோடு இருக்கிறார், அங்கே இடமில்லை.

புதிய ஒப்பந்தம் ஒன்பது பக்கம். கையெழுத்துப் போடுமுன் திரைக்கதையைப் படிக்க வேண்டும் என்று மூத்த தம்பி கேட்டார், நியாயமான கேள்வி. எடைக் காட்சிக்கு இயக்குநர் மூன்று மாற்று வடிவங்கள் எழுதி ஒரே கோப்பில் வைத்திருந்தார். இரண்டாவது வடிவம் மகள் சொன்னது சொன்னபடி. உதவியாளர் அந்தக் கோப்பை அப்படியே அனுப்பிவிட்டார்.

அறுபது வருடம் ஒருவர் மனதில் வைத்திருந்தது இப்படி ஒரு பிடிஎஃப் வழியாகத் தம்பிமாருக்குத் தெரிந்தது. மகள் போனை எடுக்கவில்லை. ஆறு வாரம் வேலை நின்றது. இயக்குநர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். பெட்டியிலிருந்து எடுத்த எல்லாவற்றையும் பட்டியலோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, படமே வேண்டாமென்றால் விட்டுவிடுகிறோம் என்று சொன்னார். இதைச் சொல்லாமல் ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து மகளே கூப்பிட்டார். யார் போட்டது என்பது திரையில் தெரியக் கூடாது, அப்பா பசிக்காகப் போட்டார் என்ற பொய்யும் கூடாது: இவ்வளவுதான் அவர் நிபந்தனை. இதை ஒப்பந்தத்தில் தனிப் பத்தியாகவே சேர்த்தார்கள். மூவரும் கையெழுத்திட்டார்கள்.

எடைக் காட்சி பற்றிய முடிவு

கைவசம் இருந்த வழிகள் மூன்று: ஊர் சொல்லும் கதை, மகள் சொன்ன உண்மை, காரணத்தைக் காட்டாமல் இழப்பை மட்டும் காட்டுவது. முதலாவது ஆவணத்துக்கு எதிரானது, இரண்டாவது மூடிய கதவு. மூன்றாவதை எடுத்தார்கள். கட்டிலுக்கடியில் தூசி படியாத ஒரு செவ்வகம். அவர் குனிந்து பார்க்கிறார். பிறகு மூன்று சாயங்காலம், மூன்று கடை. கடைசிக் கடையில் யாரோ ஒருவரின் பள்ளி நோட்டுகள் தராசில் ஏறுகின்றன. “ஒன்னரை வீசை வரும் சார், கல்லு பாருங்க” என்கிறார் கடைக்காரர். அவ்வளவே.

இதனால் படத்தின் முதுகெலும்பே மாறியது. உச்சம் என்று ஒன்று இல்லாமல்போனது, நான்கு வருடம் திரும்ப எழுதியதே படம் ஆயிற்று. கரட்டு நோட்டில் ஒரே பத்தி ஐந்து விதமாக இருக்கிறது. ஐந்தையும் நடிகர் எழுதிக் காட்டுகிற ஏழு நிமிடம் படத்தில் உண்டு. சிலருக்கு அது சலிப்பாக இருக்கலாம். படத்தின் ஆகச் சிறந்த பகுதி அதுதான்.

அச்சகத்தை உருவாக்கியது

ஆலோசகராக வந்தவர் பெரம்பூர்ப் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற கம்பாசிட்டர். டிரெடில் என்ற சிறு அச்சு மிஷின் ராயபுரத்தில் ஒரு கடையில் கிடைத்தது. பில் புத்தகத்துக்கு எண் அடிக்கவும் துளைக்கோடு போடவும் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஈய எழுத்துகள் காயலான் கடையில் கிலோக்கணக்கில் வாங்கியவை, 40 கிலோ. எல்லாம் கலந்து கிடந்தன, பிரித்து இரண்டு கேஸில் (எழுத்துக்கு ஓர் அறையாகப் பிரித்த தட்டு) நிரப்பவே ஆலோசகருக்கு ஐந்து நாள் ஆயிற்று.

நடிகருக்கு ஒன்பது நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் பயிற்சி. எழுத்துகளை வரியாகக் கோக்கும் சிறு தட்டான ஸ்டிக் இடக்கையில். வலக்கை எழுத்தை எடுக்கும், இடக்கைக் கட்டைவிரல் கடைசியாக வைத்த எழுத்தை அணைத்துப் பிடிக்கும். எழுத்தின் உடம்பில் உள்ள நிக் பள்ளம் மேலே தெரியும்படி வைக்க வேண்டும். வரி இடமிருந்து வலமாகவே போகும், எழுத்துகள் மட்டும் தலைகீழாக நிற்கும். கண்ணாடி பிம்பம் என்று கேள்விப்பட்டு வலமிருந்து இடமாகக் கோக்கத் தொடங்குவது புதிதாய்க் கற்றுக்கொள்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. நடிகரும் முதல் நாள் அதைத்தான் செய்தார். இரண்டாவது தவறு கண் பற்றியது. “தம்பி, ஸ்டிக்கைப் பாக்காத. பிரதியப் பாரு, கேஸப் பாரு. கட்டைவிரலுக்கே தெரியும்” என்று ஆலோசகர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆறாவது நாள் நடிகரின் பார்வை மாறியது. அதற்குப் பிறகுதான் அண்மைக் காட்சிக்குத் தேதி குறித்தார்கள்.

வரி நிறைந்ததும் இடைவெளித் துண்டுகளைச் செருகி இறுக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் கேலி என்ற நீளத் தட்டுக்கு மாற்றும்போது நடுவில் பிதுங்கிக் கொட்டிவிடும். நான்காவது டேக்கில் கொட்டியது. நடிகர் நிறுத்தாமல் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார், கேமராமேனும் நிறுத்தவில்லை. அந்த டேக்கே படத்தில் இருக்கிறது.

எழுத்தாளர் தாள் இல்லாமல், தன் நாவலை மனதிலிருந்தே நேரடியாக ஈயத்தில் கோக்கிறார் என்றொரு காட்சி இயக்குநருக்கு ஆசை. ஆலோசகர் ஒப்பவில்லை. நாலு பக்கம் எழுத்தைக் கட்டி மறைத்து வைத்தால் மறுநாள் கல்யாணப் பத்திரிகைக்கு ‘க’வும் ‘ம்’மும் பற்றாது, ஃபோர்மேன் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்றார். காட்சி கைவிடப்பட்டது.

இந்தப் படத்தில் அதிக உழைப்பு போனது எழுத்து வடிவத்துக்கு. 1978-இல் தமிழக அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்கும்வரை ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13-க்கும் வேறு வடிவம். லை, னை போன்றவற்றில் இருந்த யானைத் தும்பிக்கை போன்ற பழைய வளைவு இல்லாமல் 1964-ஆம் ஆண்டு இதழ்ப் பக்கம் என்று எதைக் காட்டினாலும் வயதானவர்கள் கண்டுகொள்வார்கள். கணினியில் சாதாரண எழுத்துருவில் அடித்தால் இப்போதைய வடிவம்தான் வரும். அண்மையில் தெரிகிற தாள்களை எல்லாம் பழைய ஈய எழுத்திலேயே அச்சடித்தார்கள். ஆனால் கலை உதவியாளர் ஆர்வத்தில் எல்லாவற்றையும் பழையதாக்கிவிட்டார். சுவரில் ஒட்டியிருந்த, பெரியாரின் ‘விடுதலை’ நாளிதழ்ப் பக்கமும் அதில் சேர்ந்துவிட்டது. பெரியார் தம் பத்திரிகைகளில் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தியவர். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டினார்கள்.

இரண்டு நடைமுறை விவரம். ஈயம் தொட்ட கையால் எதையும் சாப்பிடக் கூடாது. அரங்கில் தேநீர்க் குவளையே தடை, வாசலில் சோப்பும் வாளித் தண்ணீரும் வைத்தார்கள். அச்சகத்தின் ஒரு மூலையில் எரிந்த டியூப்லைட் முதல் நாள் காட்சியில் மினுமினுத்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 24 பிரேமுக்கு 180 டிகிரி ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் ஒளி வாங்கும் என்பதன் அளவு) ஒத்துவராது, 172.8 டிகிரியில் அது 1/50 நொடியாகிச் சீரானது. முதல் நாளின் மூன்று ஷாட்டைத் திரும்ப எடுக்க நேர்ந்தது.

தெருவும் பீடியும்

வெளிப்புறம் எல்லாம் காலை 5.15 முதல் 7 மணிக்குள். அதன்பிறகு எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிச் சத்தம் சந்துக்குள் வரை வரும். மேலே பார்த்தால் கேபிள் வயரும் சின்டெக்ஸ் தொட்டியும் தெரிவதால் சட்டகத்தின் மேல்விளிம்பு முதல்மாடி ஜன்னலைத் தாண்டவில்லை. மாட்டு வண்டி எழுதியிருந்தார்கள். விலங்கு வந்தால் விலங்கு நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதற்கு நாள் இல்லை. கைவண்டி ஆக்கிவிட்டார்கள்.

பீடி விஷயத்தில் குழு ஏமாந்தது. எழுத்தாளர் பீடி பிடிப்பவர். பற்ற வைக்காமல் காதில் செருகினால் எச்சரிக்கை வாசகம் தேவைப்படாது என்று நம்பி எடுத்தார்கள். புகையிலைப் பொருளைக் காட்டினாலே விதி பொருந்தும் என்பது பிறகுதான் தெரிந்தது. தொடக்கத்திலும் இடையிலும் 30 நொடி புகையிலை எதிர்ப்பு விளம்பரமும் 20 நொடி எச்சரிக்கையும் சேர்ந்தன. பீடி தெரிகிற ஒவ்வொரு சட்டகத்தின் அடியிலும் வாசகம். திரும்ப எழுதும் அந்த ஏழு நிமிடத்தில் நான்கு நிமிடம் காதில் பீடி இருக்கிறது.

பின்விளைவு

தணிக்கையில் வெட்டு இல்லை. முதல் திரையிடல் ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பாதிப் பேர் அந்தச் சந்துக்காரர்கள். படம் முடிந்ததும் முதல் கேள்வி, “அரிசிக்குப் போட்ட சீன் எங்க?” என்பதுதான். ஆவணத்தில் அப்படி இல்லை என்று இயக்குநர் கூப்பன்களைப் பற்றிச் சொன்னார். பலர் ஏற்கவில்லை. ஊர் தன் கதையை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. மகள் மூன்றாவது வரிசையில் இருந்தார், பேசவில்லை. மறுநாள் போன் செய்து, அவர்கள் வீட்டில் இரும்புக் கட்டில் இல்லை, கயிற்றுக் கட்டில் என்றார். கட்டில் மூன்று ஷாட்டில் வருகிறது. மாற்ற வழியில்லை.

போட்ட பணத்தில் இதுவரை ஏறக்குறைய பாதி திரும்பியிருக்கிறது. மூன்று வாரிசுகளும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்ததால் திரும்ப எழுதிய அந்த நாவல் 500 பிரதி மறுபதிப்பாக வந்தது.

மாற்ற வேண்டியவை

ஒருவர் நம்பிச் சொன்னது திரைக்கதைக் கோப்பில் இருக்கவே கூடாது. பேட்டிக் குறிப்பு தனி நோட்டில், ஒரே ஒருவர் பொறுப்பில். வெளியே போகும் பிரதியில் மாற்று வடிவங்கள் எதுவும் இருக்கக் கூடாது, அனுப்புமுன் இன்னொருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்க்க வேண்டும். ஆறு வார இழப்பைவிட, சொன்னவருக்கு நேர்ந்தது பெரிது. அதை எந்த ஒப்பந்தத் திருத்தமும் சரிசெய்யவில்லை.

ஆவணத்தைப் பார்த்த பிறகு திரைக்கதை எழுதியிருந்தால் இரண்டு வடிவங்கள் மிச்சம். வாரிசுகள் எத்தனை பேர் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். அச்சக ஆலோசகர் படப்பிடிப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் வந்தார். திரைக்கதை மேசையிலேயே அவருக்கு நாற்காலி போட்டிருந்தால் எடுக்கவே முடியாத காட்சியைப் பற்றி ஒரு மாதம் பேசியிருக்க மாட்டார்கள். வீட்டுப் பொருள்களுக்கும் அதே முறை: கட்டில், விளக்கு, பாத்திரம் எல்லாவற்றையும் படம் வரைந்து மகளிடம் காட்டியிருக்கலாம், அரை நாள் வேலை.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது பட்டியலில் 23 கூப்பன், கையில் 22. இரண்டு மாதம் கழித்து, ஸ்கேனரின் மூடித் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது கிடைத்தது.